சரித்திர நவீனமும் வாசிப்புக் குறிப்பேடும்

சரித்திர நவீனம் படிப்போர் பெரும்பாலும் இரு வகையினர். ஒரு சாரார் அதில் வருவன அனைத்தும் நடந்தவை என்றே கொண்டு விடுகின்றனர். மற்றொரு சாரார், எல்லாம் கதாசிரியர் கட்டிய கதைதானே என்று அனைத்தையும் ஒதுக்கி விடுகின்றனர். முன்னவர் கற்பனையைச் சரித்திரமாக்குகின்றனர். பின்னவர் சரித்திரத்தையே கற்பனையாக்குகின்றனர். இவ்விரு குறைகளுக்கும் மருந்து ஒன்றே. அது விலையுயர்ந்த மருந்துமன்று. கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று, பென்சில் ஒன்று, நாள்தோறும் கால் மணி நேரப் பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். அம்மருந்தின் பெயர் வாசிப்புக் குறிப்பேடு.

குறிப்பேடு என்றதும் அதனைக் கதைச் சுருக்கம் என எண்ணுவோர் உளர். மலேசியப் பள்ளிகளின் 'நிலாம்' வாசிப்புத் திட்டத்தில், படித்த நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் கதைச் சுருக்கத்தையும் எழுதி வைக்கும் வழக்கம் மாணாக்கர்க்குப் பழகிய ஒன்றே. எத்தனை நூல்கள் படிக்கப்பட்டன என்பதை அறிய அது உதவும். ஆனால், படித்தவர் உள்ளத்தில் நூல் என்ன செய்தது என்பதை அதிலிருந்து அறிய முடியாது. சுருக்கம் நூலைப் பற்றியது. குறிப்பேடு வாசகரின் சிந்தனையைப் பற்றியது. எங்கே ஐயுற்றார், எங்கே ஏமாந்தார், எதைத் தேடினார், எதைக் கண்டடைந்தார் என்பனவெல்லாம் நாள் குறிப்பிட்டு அதில் இடம்பெற வேண்டும்.

இம்முறையைப் பொதுப்பட விளக்குவதிலும் ஒரு நூலை முன்வைத்து விளக்குவதே தெளிவு தரும். தமிழ் வாசகர் பலரும் அறிந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இதற்கு மிகப் பொருத்தமானது. கதையளவில் பெரியது, மாந்தர் பலர், சரித்திரச் சான்றுகளும் கற்பனையும் ஊடும் பாவுமாகக் கலந்தது. 2022-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் இரு பாகங்களாகத் திரைப்படமாக வெளிவந்தபின், நூலைத் தொடாதவரும் அதன் கதையைப் பேசத் தொடங்கிவிட்டனர். பேச்சு பெருகும்போது எது மெய், எது புனைவு என்று பகுத்தறியும் தேவையும் பெருகுகிறது.

வாரப் பத்திரிகை தந்த இடைவேளை

'பொன்னியின் செல்வன்' முதலில் நூலாகப் பிறந்ததன்று. 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை 'கல்கி' வார இதழில் தொடர்கதையாக வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என்னும் ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்கள் உள்ளன. மூன்றரை ஆண்டுக் காலம் வாசகர்கள் வாரந்தோறும் சிறிது சிறிதாகவே அதனைப் படித்தார்கள்.

இச்செய்தி குறிப்பேட்டுக்கு மிகவும் வேண்டியது. ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையே ஏழு நாட்கள் இருந்தன. அந்த ஏழு நாட்களில் வாசகர் சும்மா இருந்திருப்பாரா? அவன் யார், இவள் ஏன் அப்படிச் சொன்னாள், அடுத்து என்ன நேரும் என்று வீட்டிலும் திண்ணையிலும் பேசிப் பேசிக் கதையை மனத்தில் ஊறவைக்க அவருக்கு அவகாசம் இருந்தது. பல அத்தியாயங்கள் வாசகரைத் திகைப்பில் நிறுத்தி முடிவதும் இதனாலேயே.

இன்று ஐந்து பாகங்களும் கட்டிய புத்தகங்களாகக் கைக்குக் கிடைக்கின்றன. ஓர் அத்தியாயம் முடிந்ததும் பக்கத்தைப் புரட்டினால் மர்மம் அவிழ்ந்து விடும். கேள்வி எழுவதற்கு முன்பே விடை வந்து விடுவதால் சிந்தனைக்கு இடமில்லாமல் போகிறது. விருந்தைச் சுவைக்காமல் விழுங்குவது போன்றது இது. பத்திரிகை தந்த அந்த இடைவேளையை இன்றைய வாசகர்க்குத் திருப்பித் தரவல்லது குறிப்பேடு. நாளொன்றுக்கு இரண்டு அத்தியாயம் என்று வரையறுத்துக் கொண்டு, படித்து முடித்ததும் நூலை மூடிவிட்டு நான்கு வரி எழுத வேண்டும். இவ்வாறு படித்தால் ஏறத்தாழ ஐந்து மாதங்களில் நூல் முழுவதும் முடிந்து விடும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி படிப்புக்கும் பொருந்தும்.

முதற்பக்கம்: வமிசாவளி

கதையைத் தொடங்குமுன் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் சோழர் வமிசாவளியை வரைந்து கொள்வது நன்று. இதைச் செய்யாமல் படிப்பவர் இரண்டாம் பாகத்துக்குள் பெயர்க்காட்டில் வழி தவறி விடுவர்.

முதற் பராந்தக சோழர் ஏறத்தாழ 907 முதல் 955 வரை ஆண்டவர். அவர் மைந்தருள் மூத்தவரான இராசாதித்தர் 949-இல் தக்கோலப் போரில் மாண்டார். அடுத்தவரான கண்டராதித்தர் பட்டம் பெற்றார். அவர் தேவியே செம்பியன் மாதேவியார். அவர்கள் மைந்தன் பின்னாளில் உத்தம சோழன் என்று பெயர் பெற்றவன். கண்டராதித்தர் மறைந்தபோது மைந்தன் சிறு குழந்தையாதலின் பட்டம் தம்பி அரிஞ்சயர் கிளைக்குச் சென்றது. அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். சுந்தர சோழரின் மக்கள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன் ஆகிய மூவர். அருள்மொழிவர்மனே 985-இல் முடிசூடி இராசராசன் எனப் புகழ்பெற்றவன்.

இதனைக் கோடிட்டு வரைந்து பார்த்தால் கதையின் மூலச் சிக்கல் தானே விளங்கும். மூத்த கிளையில் ஓர் இளவரசன் இருக்கிறான். ஆட்சியோ இளைய கிளையில் இருக்கிறது. அடுத்த பட்டம் யாருக்கு உரியது? இளைய கிளையில் ஆண்டு வரும் மன்னரின் மகனுக்கா? மூத்த கிளையில் வளர்ந்துவிட்ட மைந்தனுக்கா? இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் நள்ளிரவில் கூடிப் பேசும் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியதே. வமிசாவளி கையில் இருக்கும் மாணாக்கன் அச்சிற்றரசர்களை வெறும் தீயவர் என்று தள்ளிவிட மாட்டான்.

அடுத்த பக்கத்தில் தேசப்படம். காஞ்சியிலிருந்து ஓலை கொண்டு புறப்படும் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை, கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று சென்று கடல் கடந்து இலங்கை சேர்கிறான். ஒவ்வோர் ஊரையும் அவன் அடையும்போது படத்தில் ஒரு புள்ளியிட்டுக் கோட்டை நீட்டிக்கொண்டே போக வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்து வளர்ந்த மாணாக்கர்க்குச் சோழநாட்டு ஊர்கள் வெறும் பெயர்களே. கோடு நீள நீள அவை இடங்களாகின்றன. காவிரி எங்கே, கடல் எங்கே என்பது தெளிவாகிறது.

இடப்பக்கமும் வலப்பக்கமும்

இனிக் குறிப்பேட்டின் உயிர்நிலையான பகுதிக்கு வருவோம். விரித்த குறிப்பேட்டில் இரு பக்கங்கள் எதிரெதிரே உள்ளன அல்லவா? நவீனம் சொல்வதை இடப்பக்கத்தில் எழுத வேண்டும். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டு வைக்க வேண்டும். அது பின்னால் சரித்திர நூல்களைத் தேடிக் கண்டதை எழுதுவதற்கு உரியது.

இடப்பக்கத்தில் நான்கு செய்திகள் போதும். நாள், அத்தியாய எண், நடந்தது இரண்டே வரியில், எழுந்த கேள்வி ஒன்று. நான்காவதே தலையாயது. கேள்வியின்றி ஒரு நாளின் குறிப்பை முடிக்கலாகாது என்பது விதியாக இருக்கட்டும். 'நந்தினி என்பவள் உண்மையில் இருந்தாளா?', 'பழுவேட்டரையர்கள் யார்?', 'வேளக்காரப் படை என்பது என்ன?' என்பன போன்ற கேள்விகள் எளியவையே. எளிய கேள்விகளே பெரிய தேட்டத்துக்கு வாயிலாகின்றன.

வலப்பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் மூன்று எழுத்துகளுள் ஒன்றை அடையாளமாக இட வேண்டும். கல்வெட்டிலோ செப்பேட்டிலோ காணப்படுவதாயின் 'க'. சான்றுகளைக் கொண்டு ஆராய்ச்சியாளர் உய்த்துணர்ந்ததாயின் 'ஊ', அதாவது ஊகம். கதாசிரியர் படைத்துக் கொண்டதாயின் 'பு', அதாவது புனைவு. இம்மூன்று எழுத்துகளே சரித்திரக் கல்வியின் அரிச்சுவடி எனலாம். பலரும் 'க'வையும் 'பு'வையும் மட்டும் அறிவர். நடுவே நிற்கும் 'ஊ'வை அறிவதிலேதான் படிப்பின் நுட்பம் இருக்கிறது.

சில எடுத்துக்காட்டுகள் காண்போம். குந்தவை என்னும் இளவரசி இருந்தது 'க'. தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் அளித்த கொடைகள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்பதும் அங்கேயே காணப்படுவதால் அதுவும் 'க'. ஆனால், வந்தியத்தேவன் ஓலை கொண்டு குதிரையேறி வந்ததும், குறும்பு பேசியதும், ஆபத்துகளில் சிக்கி மீண்டதும் 'பு'. கல்வெட்டு அம்மனிதரின் பெயரையும் மனைவியின் பெயரையும் தந்தது. அவருக்கு முகத்தையும் குரலையும் சிரிப்பையும் தந்தவர் கல்கி. பழுவூரை ஆண்ட பழுவேட்டரையர் குடி 'க'. பெரிய பழுவேட்டரையரின் முதிய வயதுக் காதலும் அதனால் நேர்ந்த வீழ்ச்சியும் 'பு'. ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, மணிமேகலை ஆகியோர் முழுவதும் 'பு'.

நந்தினியின் பக்கம் தனியே எழுதத் தக்கது. ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்னும் அடைமொழியோடு கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறான். அது 'க'. ஆனால், அந்த வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் ஒரு பெண் எந்தக் கல்லிலும் இல்லை. தலைகொண்டவன் ஒருவன் இருந்தால், தலையிழந்தவனுக்காக அழுதவரும் இருந்திருப்பர் அல்லவா? வென்றோர் செதுக்கிய கல்லில் தோற்றோர் கண்ணீருக்கு இடமில்லை. அந்த வெற்றிடத்தில் நவீனாசிரியர் ஒரு பெண்ணை நிறுத்தினார். இதைக் குறிப்பேட்டில் எழுதி உணர்ந்த மாணாக்கன் நந்தினியைச் சரித்திர அரசி என்று மேடையில் பேச மாட்டான்; பொய் என்று எள்ளவும் மாட்டான்.

உடையார்குடிக் கல் சொல்வதும் சொல்லாததும்

நவீனத்தின் நடுநாயகமான நிகழ்ச்சி ஆதித்த கரிகாலன் கொலை. கடம்பூர் மாளிகையில் அவன் இறந்து கிடக்கிறான். கொன்றவர் யார்? வாசகர் மூன்று இடங்களில் தம் ஐயத்தை நாள் குறிப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். முதற் பாகம் முடிந்தபோது ஒன்று, மூன்றாம் பாகம் முடிந்தபோது ஒன்று, நூல் முடிந்தபோது ஒன்று. மூன்றும் ஒரே விடையாக இருப்பது அரிது. முன்பு எழுதியதை அழிக்கக் கூடாது. எந்தக் காட்சி, எந்தச் சொல் தம் எண்ணத்தை மாற்றியது என்று காரணத்தை மட்டும் பக்கத்தில் எழுத வேண்டும்.

பிறகு வலப்பக்கத்துக்குச் செல்லலாம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி இரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனாகிய இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரை அது குறிக்கிறது. அவர்களுடைய உடைமைகளையும் உறவினர் உடைமைகளையும் கைப்பற்றுமாறு அவ்வூர்ச் சபைக்கு அரசன் விடுத்த ஆணையே அதன் செய்தி. இரவிதாசன் என்னும் பெயரைக் கண்டதும் நவீனம் படித்தவர்க்கு மெய்சிலிர்க்கும். அவன் கற்பனையில் உதித்தவனல்லன்; கல்லில் இருந்தவன்.

ஆனால் அக்கல் சொல்லாதவை பல. அவர்கள் ஏன் கொன்றனர்? எங்கே கொன்றனர்? பின்னால் நின்று தூண்டியவர் எவர்? இவற்றுக்கு அக்கல்லில் விடை இல்லை. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல்லாதலின், கொன்றவர்க்குப் பாண்டிய நாட்டுத் தொடர்பு இருந்திருக்கலாம் என்பது ஊகம். 'ஊ' என்று எழுதுக.

இன்னொரு கேள்வியும் உண்டு. கரிகாலன் இறந்தது 970-ஐ ஒட்டிய காலம். இராசராசன் பட்டம் பெற்றது 985. இடையே ஆண்டவன் உத்தம சோழன். கொலையாளிகளின் உடைமைகள் இராசராசன் காலத்திலேயே கைப்பற்றப்பட்டன என்றால், இடைக்காலத்தில் அவர்களைத் தண்டிக்காமல் விட்டது ஏன்? பேராசிரியர் க. அ. நீலகண்ட சாஸ்திரியார், 1935-இல் முதற்பகுதி வெளிவந்த தம் சோழர் வரலாற்றில், இக்கொலையில் உத்தம சோழனுக்குத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று ஐயுற்றார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார், 1949-இல் முதற்பகுதி வெளிவந்த 'பிற்காலச் சோழர் சரித்திரம்' என்னும் நூலில் அக்கருத்தை மறுத்தார். கல்வெட்டில் உள்ளது உடைமை பறிமுதல் பற்றிய ஆணை மட்டுமே. அதற்குமுன் தண்டனை ஏதும் வழங்கப்படவில்லை என்று அது கூறவில்லை என்பதையும் மறுப்போர் பக்கத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். கல் ஒன்றே, அறிஞர் இருவர், முடிபுகள் இரண்டு. சான்று வேறு, சான்றிலிருந்து பெறும் முடிபு வேறு என்பதை விளக்க இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

இவ்விரு நூல்களும் வெளிவந்த பிறகே கல்கி தம் தொடர்கதையைத் தொடங்கினார். அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். செம்பியன் மாதேவியார் மகனாக வளர்ந்து, பட்டத்துக்கு ஆசைப்பட்டுச் சதிகாரர் கையில் பொம்மையான மதுராந்தகன் ஒருவன். அம்மாதரசியின் உண்மை மகனாகப் பிறந்தும் பூமாலை கட்டி வாழ்ந்த சிவபக்தனான சேந்தன் அமுதன் மற்றொருவன். முடிவில் உத்தம சோழனாகப் பட்டம் பெறுபவன் சேந்தன் அமுதனே. சதியில் தொடர்புடையவன் ஒருவன், அரசனானவன் வேறொருவன் என்று ஆக்கியதால், ஐயுற்ற அறிஞர்க்கும் மறுத்த அறிஞர்க்கும் கதையில் இடம் கிடைத்து விட்டது. அறிஞர் வழக்குக்கு நவீனாசிரியர் வழங்கிய மூன்றாவது தீர்ப்பு இது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இக்கருத்தும் ஊகமே. ஆகவே மாணாக்கர் இதனை எழுதும்போதும் 'ஊ' என்னும் அடையாளத்தை இட மறக்கலாகாது.

கொலை நிகழ்ந்த இடமாகக் கடம்பூரை அவர் தேர்ந்ததும் சிந்திக்கத்தக்கது. தேசப்படத்தை எடுத்துப் பார்த்தால், கதை தொடங்கும் வீரநாராயண ஏரியும், கடம்பூரும், கல்வெட்டு உள்ள உடையார்குடியும் ஒன்றுக்கொன்று அண்மையில் இருப்பது தெரியும். கல் நிற்கும் இடத்தைச் சுற்றியே கதையைத் தொடங்கினாரோ? இதுவும் 'ஊ' தான். ஆயினும் இத்தகைய கேள்வியைத் தானே எழுப்பிக் கொண்ட மாணாக்கன் வாசகன் என்னும் நிலையிலிருந்து ஆராய்ச்சி மாணவன் என்னும் நிலைக்கு ஒரு படி ஏறிவிட்டான்.

மூன்று வகையாகச் சொல்லப்பட்ட முடிதுறப்பு

மூன்று பத்திகளாகப் பிரித்து எழுத வேண்டிய பக்கமும் ஒன்று உண்டு. அது அருள்மொழிவர்மன் முடியைத் துறந்த செய்தி. இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், குடிமக்கள் வேண்டியபோதும் தன் சிறிய தந்தை அரசை விரும்பியதால் அருள்மொழிவர்மன் அதனை ஏற்கவில்லை என்று கூறுகின்றன. நவீனத்தில் அவன் தனக்கு வந்த முடியைச் சேந்தன் அமுதனாகிய உத்தம சோழன் தலையில் சூட்டுகிறான். திரைப்படத்திலோ சேந்தன் அமுதன் பற்றிய மர்மம் விடப்பட்டு, மதுராந்தகனுக்கே முடி அளிக்கப்படுகிறது. திரைப்படம் கண்டு பேசுவோரும் நூல் படித்துப் பேசுவோரும் ஒருவரையொருவர் மறுத்துப் பூசலிடுவதற்கு இதுவே காரணம். மூன்று பத்திகளை எழுதி வைத்திருப்பவர்க்குப் பூசல் இல்லை.

செப்பேட்டில் இருக்கிறது என்பதற்காக ஆராயாமல் ஏற்பதும் கூடாது. அச்செப்பேடு யார் காலத்தது? இராசராசனின் மகன் காலத்தது. மகனுடைய அவைப்புலவர் தந்தையின் பெருந்தன்மையைப் பாடியிருக்கிறார். அது உண்மையாகவே இருக்கலாம், அழகுபடுத்தியதாகவும் இருக்கலாம். ஆகவே 'க' என்று எழுதியபின், எவர் எழுதுவித்தது, எவர் காலத்தில் எழுதியது என்னும் இரண்டையும் அருகில் குறிக்க வேண்டும். நவீனத்தைக் கேள்வி கேட்கக் கற்றவன் செப்பேட்டையும் கேள்வி கேட்பான்.

கடாரத்து மாணாக்கர்க்கு ஒரு தனிப்பக்கம்

மலேசிய, சிங்கை மாணாக்கர்க்கு உரிய பக்கமும் இந்நூலிலே உள்ளது. நோயுற்ற அருள்மொழிவர்மன் நாகைப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் புத்த பிக்ஷுக்களிடையே மறைந்திருந்து உடல் தேறுகிறான். கடல் பொங்கி வந்து அவ்விடத்தையும் சூழ்கிறது. நவீனத்தின் மறக்கவொண்ணாத பகுதிகளுள் இதுவும் ஒன்று.

சூடாமணி விகாரம் பற்றி வலப்பக்கத்தில் என்ன எழுதலாம்? ஆனைமங்கலச் செப்பேடுகள் என்பவை உள்ளன. ஹாலந்து நாட்டு லெய்டன் நகரம் சென்றடைந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றும் அவை பெயர் பெற்றன. மொத்தம் 21 ஏடுகள். 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் அமைந்தவை. ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான சூடாமணிவர்மன் பெயரால், அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் நாகைப்பட்டினத்தில் எடுப்பித்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி வழங்கினான் என்பது அவை தரும் செய்தி. கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலப் பகுதி என்பர்.

இப்போது கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கதை நிகழும் காலம் 970-ஐ ஒட்டியது. செப்பேடு சொல்லும் விகாரமோ ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. இந்த இடைவெளியை ஆசிரியர் கதைக்குள் எவ்வாறு கையாள்கிறார் என்பதை மாணாக்கர் தாமே அத்தியாயங்களைத் திரும்பப் படித்து எழுத வேண்டும். அதனை இங்கே சொல்லிவிட்டால் குறிப்பேட்டுக்கு வேலை இல்லாமற் போய்விடும்.

அதே கடாரத்தின்மீது இராசராசனின் மகன் இராசேந்திரன் 1025-இல் கப்பற்படை செலுத்தினான். தந்தை காலத்தில் நட்பும் கொடையும்; மகன் காலத்தில் படையெடுப்பு. இடையில் நேர்ந்தது என்ன? வணிகப் போட்டியா, வேறு காரணமா? ஆராய்ச்சியாளர் கூறுவன பலவும் 'ஊ' என்னும் அடையாளத்துக்கு உரியன. கடாரம் வென்ற கதையைப் பெருமையோடு மட்டும் பேசுவோர் விகாரத்துக்கு ஊர் அளித்த செய்தியையும் உடன் சொன்னால், இவ்விரு நாடுகளின் பழந்தொடர்பு முழுமையாகத் தெரியும்.

இதில் வெறும் படிப்பு மட்டும் அடங்கியதன்று. பல இனத்தவர் கூடி வாழும் நாட்டில் தமிழ் மாணாக்கர் தம் முன்னோர் சரித்திரத்தைப் பிறர் முன்னிலையில் எடுத்துரைக்க வேண்டிய தருணங்கள் வரும். பேச்சுப் போட்டியிலும் கட்டுரையிலும் பல்கலைக்கழக வகுப்பிலும் வரும். அப்போது செப்பேட்டுச் செய்தியோடு கற்பனைச் செய்தி ஒன்றையும் கலந்து சொல்லிவிட்டால், கேட்பவர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் ஐயுறுவர். பாலில் கலந்த நீர் பாலின் மதிப்பையே கெடுத்து விடும். தம்மிடம் உள்ள மெய்யான செல்வத்தைக் காப்பாற்றுவதற்காகவே புனைவைப் பிரித்தறியும் பழக்கம் வேண்டும்.

ஆசிரியர்க்குச் சில சொற்கள்

குறிப்பேட்டைப் பார்வையிடும் ஆசிரியர் அதனைக் கட்டுரை நோட்டாக எண்ணி எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் நிரப்பி விடக் கூடாது. திருத்தப்படும் என்று அஞ்சும் மாணாக்கன் பிழையில்லாத வாக்கியம் எழுதுவான். மெய்யான கேள்வியை எழுத மாட்டான். நல்ல கேள்வி ஒன்றின் கீழ்க் கோடிட்டு, 'இதைத் தேடிப் பார்' என்று எழுதினால் போதும். சொற்பிழைகளை வகுப்பில் பொதுவாக எடுத்துக் கூறலாம்.

ஐந்து பாகம் படிக்க இயலாத மாணாக்கர்க்கு முதற் பாகத்தின் 57 அத்தியாயங்களே போதும். அல்லது நால்வரைக் கூட்டிக் குழுவாக்கலாம். ஒருவர் மாந்தர் பெயர்களையும், ஒருவர் ஊர்களையும், ஒருவர் இலச்சினை, சதுர்வேதிமங்கலம் போன்ற அருஞ்சொற்களையும், ஒருவர் கேள்விகளையும் பொறுப்பேற்கலாம். வாரத்துக்கு ஒருமுறை நால்வரும் கூடிப் பேசினால், அன்றைய வாசகர்கள் திண்ணையில் பேசிய பேச்சு இன்றைய வகுப்பறையில் மீண்டும் கேட்கும். வலப்பக்கத்தை நிரப்புவதற்கு நூலகம் செல்ல வேண்டும், இணையத்திலும் தேடலாம். எங்கே தேடினாலும், செய்தி கிடைத்த இடத்தின் பெயரை எழுதும் பழக்கம் விடக்கூடாது. எவரோ சொன்னார் என்பது சான்றாகாது.

இறுதியாக ஒன்று. ஐந்து மாதம் முயன்ற பின்னும் வலப்பக்கத்தில் சில இடங்கள் வெறுமையாகவே நிற்கும். கரிகாலனைக் கொல்லத் தூண்டியவர் எவர் என்னும் கேள்விக்கு எதிரே எழுத எந்த மாணாக்கனுக்கும் விடை கிடைக்காது. அதைக் கண்டு சோர வேண்டியதில்லை. அவ்விடத்தில் நாளைக் குறிப்பிட்டு, 'இன்று வரை விடையில்லை' என்று நேர்மையாக எழுதி வைக்கலாம். விடை தெரியாத இடத்தில் கதையைச் சரித்திரமாக்கி இட்டு நிரப்பாமல் நிற்கக் கற்றவனே நவீனத்தையும் உரிய முறையில் சுவைப்பான். சரித்திரத்தையும் உரிய முறையில் மதிப்பான். அவ்வாறு வெறுமையாக விட்ட வரிகளுள் ஒன்றை நிரப்பும் கல்வெட்டு நாளை எங்கேனும் கிடைக்கலாம். அன்று அதனை எடுத்து எழுதுவதற்குக் குறிப்பேட்டில் இடம் இருக்கும்.